கழுவுவதற்குச் சுலபமானது

நீளக் குழாய்க்குள் பிரஷ்ஷை விட்டு உருவுகிற வேலை அவளுடையது. ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கழுவறையில், இரட்டைத் தொட்டிக்கு முன்னால் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு நிற்பாள். மேலே ஆபரேஷன் அறைகளிலிருந்து இறங்கி வரும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் இந்த அறையைத் தாண்டித்தான் மறுபடி மேலே ஏற வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் கத்தரிகளை மளமளவென்று தேய்த்துத் தள்ளிவிடுவார்கள். துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கான கருவிகள் பென்சிலைவிட மெல்லிசாக, கை நீளத்துக்கு வந்து இறங்கினால் மட்டும் ஒவ்வொருத்தருக்கும் வேறெங்கோ அவசர வேலை முளைத்துவிடும். “பிரஷ் அக்கா, உங்க ஆளுங்க வந்தாச்சு” என்று தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு நழுவிவிடுவார்கள்.

அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். வெளியே வைத்துத் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். நுனியில் குருவி அலகு மாதிரி ஒன்று திறந்து மூடும். அந்த அலகின் இடுக்கிலும் குழாயின் உள்சுவரிலும் எங்கே எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து இற்றுவிடும். பிரஷ் விட்டு, தண்ணீர் பீய்ச்சி, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். அந்தப் பக்கத்து விளக்கு இந்தப் பக்கம் வட்டமாகத் தெரிந்தால்தான் விடுவாள். திறந்து செய்கிற ஆபரேஷனின் கருவிகள் அப்படியில்லை. தடித்தடியாக, வாயைப் பிளந்துகொண்டு, ‘இந்தா, பார்த்துக்கோ’ என்று கிடக்கும். அவற்றின் மேல் அவளுக்கு ஒரு தனி மரியாதை.

இத்தனை வருஷத்தில் ஒரு ஆபரேஷனைக்கூட அவள் பார்த்ததில்லை. தட்டுகளைப் பார்த்தே டாக்டர்களைத் தெரிந்துவைத்திருந்தாள். எலும்பு டாக்டரின் தட்டு சந்தை கலைந்த இடம் மாதிரி வரும். வயிற்று டாக்டர்களில் ஒருவருடையது மட்டும் ஒவ்வொரு கருவியும் துடைத்து, வரிசை கலையாமல் வரும். அவருக்குக் கழுவறையில் ‘துடைச்ச டாக்டர்’ என்று பெயர்.

இதில் அவளுக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. துளை ஆபரேஷனுக்கு நீளக் கருவிகளின் தட்டு மேலே போகும்போதெல்லாம், கூடவே திறக்கிற கருவிகளின் தட்டு ஒன்றும் நீலத்துணியில் சுற்றி, கோடு போட்ட டேப் ஒட்டி, துணைக்குப் போகும். அநேகமாக அது டேப்கூடப் பிரியாமல் திரும்பி வரும். ஆனாலும் இந்த ஆஸ்பத்திரி விதிப்படி, ஆபரேஷன் அறைக்குள் போய் வந்ததைப் பிரித்து, அடுக்கி, புதுத்துணி சுற்றி, மறுபடி நீராவி அடுப்பில் ஏற்றியாக வேண்டும். வண்டி தள்ளுகிற அண்ணன் அதைக் கொண்டுவரும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

“தங்கச்சி, உன் மாப்பிள்ளை ஊர் சுத்திட்டு வந்திருக்காரு. எங்க உக்கார வைக்கட்டும்?”

“ஒரு வேலையும் செய்யல, அதுக்கு ஒரு குளியல் வேறயா? என் தலையிலயே வைங்கண்ணே” என்பாள் அவள். இந்தப் பதிலைக் கேட்காமல் அவர் போகமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் வீட்டுக்காரருக்கு வயிற்றில் வியாதி வந்தது.

அவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, ஓயாத பேச்சு. கொஞ்ச நாளாகவே சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீயைக் குறை என்றார்கள், குறைத்தார். காரத்தை நிறுத்து என்றார்கள். அவள் சமையலையே குற்றம் சொல்லிவிட்டு நிறுத்தினார். கடைசியில் மகள் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தபோது, இரைப்பையின் கீழ்ப்பாதியில் ஒரு புண். அதைக் கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்று என்று வந்தது.

“ஆரம்ப நிலைதான்” என்றார் டாக்டர். அவர் வேறு யாருமில்லை, துடைச்ச டாக்டரேதான். அவர் முகத்தை அவள் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தாள். தட்டை வைத்து அவள் நினைத்திருந்ததைவிட வயசு குறைவாகத் தெரிந்தார்.

“குழாய் வழியாவே சுரண்டி எடுத்துட முடியாதா சார்?” என்று கேட்டாள் மகள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக் கேட்கிற பழக்கம்.

“இன்னும் மேலாக்க இருந்திருந்தா முடியும்மா. இது கொஞ்சம் ஆழமா எறங்கியிருக்கு. இரைப்பையில ஒரு பகுதியை எடுத்துடணும். வயித்தைத் திறந்தும் பண்ணலாம், துளை போட்டும் பண்ணலாம். உங்களுக்கு ரெண்டுமே ஒத்துவரும். யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க, பேசுவோம்.”

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “நீதான் ஆஸ்பத்திரிக்காரி. எது நல்லது, சொல்லு.”

அவள் யோசிக்கவே இல்லை. “திறந்தே பண்ணட்டுங்க.”

“ஏம்மா?” என்றாள் மகள். “துளைன்னா தழும்பு சின்னது. சீக்கிரம் எழுந்திரிச்சுடலாம்.”

“அந்தக் குழாயை எல்லாம் கழுவறவ நான். இடுக்குல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. கையில வெச்சுக்கிட்டே எனக்குத் தெரியலன்னா, உள்ள விட்டவருக்கு எப்படிடி தெரியும்? திறந்தா பளிச்சுன்னு தெரியும். மிச்சம் மீதி இல்லாம எடுத்துடலாம்.”

அதற்கு மேல் மகளால் வாதாட முடியவில்லை. கழுவறையிலேயே பாதி ஆயுசைப் போட்டவள் சொல்கிறாள் என்றால் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது?

மறுநாள் சலூனில் இது பொதுத் தேர்தலாகிவிட்டது. சோப்பு நுரை பூசிய முகங்கள் எல்லாம் ஓட்டுப் போட்டன. கதவு ஜன்னல் செய்யும் தச்சர் திறப்புக் கட்சி. “பூட்டை உடைக்காம உள்ள பூந்து வேலை பாக்கறவன் திருடன்தான்” என்றார். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர் துளைக் கட்சி. அவருடைய மைத்துனருக்குப் பித்தப்பையில் கல்லை அப்படித்தான் எடுத்தார்களாம், ஆள் மறுவாரமே மாடி ஏறினாராம். இவர் கத்தரியை நிறுத்தாமல் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

“எங்க வீட்ல ஆஸ்பத்திரிக்காரி இருக்கா. அவ சொல்றதுதான்.”

இதை அவர் வீட்டுக்கு வந்து சிரிப்போடு சொன்னார். அவளுக்குப் பெருமையாகக் கொஞ்சம் இருந்தது, பயமாக நிறைய இருந்தது. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், அவள் சொல்லித்தானே நடந்தது என்று ஆகிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மகள்கூடச் சொல்லமாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

அப்புறம் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நீளக் கருவிகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினாள். இதுவரை இவற்றில் அழுக்கு எங்கே இருக்கிறது என்றுதான் தேடியிருக்கிறாள். இது உள்ளே போய் என்னதான் செய்கிறது? இந்தக் குருவி அலகு எதைப் பிடிக்கும்? பிடித்ததை எங்கே வைக்கும்? கைப்பிடியில் இருக்கிற இந்தச் சக்கரம் எதற்கு? திருகினால் நுனி சுழல்கிறது, சுழன்று?

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷூ பெட்டியை எடுத்து, மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே உரித்த ஆரஞ்சு ஒன்றை வைத்தாள். சமையலறையின் நீள இடுக்கியை ஒரு ஓட்டையிலும் பின்னல் ஊசியை இன்னொன்றிலும் விட்டு, பெட்டியின் பக்கத்தில் கிழித்த சந்து வழியாக மகளை டார்ச் அடிக்கச் சொன்னாள்.

“என்னம்மா இது?”

“பேசாம வெளிச்சத்தைக் காட்டு.”

ஒரு சுளையைப் பிரித்து எடுப்பதுதான் திட்டம். கையை இடது பக்கம் தள்ளினால் இடுக்கியின் நுனி வலது பக்கம் போனது. மேலே தூக்கினால் கீழே குத்தியது. பின்னல் ஊசி ஆரஞ்சை விட்டுவிட்டு அட்டையை உழுதது. சாறு பெட்டியின் மூலையில் ஓடிக் கசிந்தது. தினசரியை மடக்கிவிட்டு வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“செத்துப்போச்சு. அடுத்த ஆளைக் கூப்பிடு.”

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் டார்ச்சைக் கீழே போட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விரலைத் துடைத்துக்கொண்டே உறுதியாகச் சொன்னாள்: “பாத்தீங்கல்ல? நான் சொன்னது சரிதான். திறந்துதான் பண்ணணும்.”

“ஆரஞ்சே சாட்சி” என்றார் அவர். நசுங்கின சுளைகளைப் பொறுக்கித் தானே சாப்பிட்டார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சைத் தடவிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முடிவு பண்ணியாச்சா என்று அவர் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். அதுல கை இந்தப் பக்கம் போனா நுனி அந்தப் பக்கம் போகுமே. எப்படி சார் வேலை செய்யறீங்க?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இது எங்கம்மா பாத்தீங்க?”

“ஷூ பெட்டியில சார்” என்றார் வீட்டுக்காரர். “நோயாளி பொழைக்கல.”

டாக்டர் சிரித்துவிட்டார். “நானும் பெட்டியிலதான் கத்துக்கிட்டேன். ரொம்ப நாளாச்சு பழக. இருங்க, காட்டறேன்.” கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேடி ஓடவிட்டார். “இது வேற ஒருத்தரோடது. யார்னு தெரியாது, அவரும் காட்டலாம்னு சொல்லியிருக்கார்.”

திரையில் ஒரு வயிற்றின் உட்புறம். புதிதாகப் பெயின்ட் அடித்த அறை மாதிரி பளபளவென்று வெளிச்சமாக இருந்தது. மஞ்சள் கொழுப்பு, அதன் மேல் நூல் நூலாக ரத்தக் குழாய், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு நுனி உள்ளே வந்தது. குருவி அலகு. அது கொழுப்புத் திரையின் விளிம்பைப் பிடித்து, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குகிற மாதிரி, மெல்லத் தூக்கியது. அலகின் அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கறை. சூட்டில் ஏறின கறை. எத்தனை தேய்த்தும் போகாமல், இது போகாது, இதனால் கெடுதலும் இல்லை என்று சூப்பர்வைசர் சிஸ்டர் சொன்ன பிறகு அவள் விட்டுவிட்ட கறை.

“இது என்னோடது” என்றாள் அவள்.

“என்னதும்மா?”

“இந்த இடுக்கி. நான் கழுவறது.”

டாக்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கீழேயா வேலை பாக்கறீங்க? சொல்லவே இல்லையே.” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். அவளும் விடாமல் கேட்டாள்.

“திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும்ல சார்?”

“கேமரால பல மடங்கு பெருசாத் தெரியுது. நீங்களே பாக்கறீங்க. திறந்தா இந்த அளவுக்கு என் கண்ணுக்குத் தெரியாது.”

“அந்தப் புண்ணு?”

“அது ரெண்டுலயும் தெரியாது. புண்ணு இருக்கறது இரைப்பையோட உள்பக்கம். நாங்க நிக்கறது வெளிப்பக்கம். அதனால முன்னாடியே வாய் வழியா குழாய் விட்டு, அந்த இடத்துல மை வெச்சு, சின்னதா ஒரு கிளிப்பும் மாட்டிடுவோம். திறந்து பண்ணா கிளிப் விரல்ல தட்டுப்படும். துளையில விரலுக்கு வேலை இல்ல. மையைப் பாத்துத்தான் எல்லை போடணும். அந்த ஒரு விஷயத்துல திறக்கறது வசதி, ஒத்துக்கறேன்.”

“அப்ப, துளைன்னா கொஞ்சமா எடுப்பீங்க...”

“இல்லம்மா. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. உள்ள நடக்கறது ரெண்டுலயும் ஒண்ணேதான். மூணுல ரெண்டு பங்கு இரைப்பை போயிடும். பக்கத்துல நெறி கட்டற முடிச்சுங்க இருக்கும், அதையும் எடுக்கணும். மிச்சத்தைக் குடலோட சேக்கணும். வாசல்தான் வேற.”

வீட்டுக்காரர் அதுவரை திரையை விட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டு மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். “மூணுல ரெண்டு பங்கு எப்படி சார் அந்த ஓட்டை வழியா வரும்?”

“பையில போட்டு, தொப்புள் பக்கத்துல ஒரு துளையைக் கொஞ்சம் பெருசாக்கி எடுப்போம்.”

“பாத்தியா, உன் கட்சிக்கும் ஒரு சீட்டு கெடைச்சிருக்கு” என்றார் மனைவியிடம். பிறகு குரல் இறங்கியது. “திரும்ப வராம இருக்க எது சார் நல்லது?”

“இந்த மாதிரி ஆரம்ப நிலையில நெறைய பேரை வருஷக்கணக்கா பாத்திருக்காங்க. அதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. துளையில வலி கம்மி, சீக்கிரம் நடப்பீங்க. ஆபரேஷனுக்கு நேரம் கூடுதலா ஆகும். கை பழகினவங்க பண்ணணும், எனக்குப் பழக்கம். எந்த வழியில பண்ணாலும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிட முடியும். நடுவுல ரத்தம் கசிஞ்சாலோ, எல்லை சரியாத் தெரியலன்னாலோ, நான் யோசிக்க மாட்டேன், திறந்துடுவேன். அது தோல்வி இல்ல. அதுக்குத்தான் திறக்கற செட்டும் பக்கத்துலயே இருக்கும்.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றிவிட்டு வருகிற தட்டு. எத்தனை தடவை அதைத் திட்டியிருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்தில் மகள் தண்ணீர் வாங்கப் போனபோது அவள் கணவனிடம் சொன்னாள்.

“என்னங்க. நான் தப்பா சொல்லிட்டேன்.”

“எதை?”

“நீங்க எது நல்லதுன்னு கேட்டீங்க. நான் எதைக் கழுவறது சுலபம்னு சொல்லியிருக்கேன்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் புரியவில்லை, புரிந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உன் தொட்டி நோகாம இருக்கறதுக்கு என் வயித்தை நீளத்துக்குக் கிழிக்கச் சொல்லியிருக்கே.”

“சிரிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான். அதை வெச்சு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்.”

“தச்சரும் அப்படித்தான் பேசினாரு. நானும் அப்படித்தானே? தலையைப் பாத்தே ஆளோட குணத்தைச் சொல்றேன்.” சிரிப்பு அடங்கியது. “இப்ப என்ன சொல்றே?”

“நான் சொல்லல. உங்க வயிறு, நீங்களே சொல்லுங்க.”

“எனக்கு நாற்காலி பக்கத்துல சீக்கிரம் நிக்கணும். அதனால துளை.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஆனா நடுவுல அவர் திறந்துட்டாருன்னா, உள்ள ஏதோ சரியில்லன்னுதானே?”

“அப்படி இல்லன்னு அவரே சொன்னாரே.”

“சொன்னாரு. நீ நம்பறியா?”

பஸ் வந்துவிட்டது.

ஆபரேஷன் அன்றைக்கு மகள் மேலே காத்திருக்கும் ஹாலில் உட்கார்ந்தாள். அவளோ லீவு போடாமல் கழுவறைக்கே வந்துவிட்டாள். “அங்க உக்காந்தா கதவைத்தான் பாக்கணும். இங்கன்னா கைக்கு வேலை இருக்கும்” என்றாள் சூப்பர்வைசர் சிஸ்டரிடம். சிஸ்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்க வீட்டுக்காரருக்குப் போற தட்டு ரெண்டையும் நீங்க தொடக் கூடாது. இன்னைக்குத் துணி மடிங்க.”

அவள் சுத்தமான கருவிகள் இருக்கிற பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நீலத்துணிகளை மடித்தாள். நீளக் கருவிகளை இன்னொருத்தி அடுக்கினாள். மயில்கழுத்துக் கறையை இவள் எட்டத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். திறக்கிற தட்டைச் சுற்றி அந்தப் பெண் டேப் ஒட்டும்போது, ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். அடுப்புக்குள் போய் வந்ததும், சூடு ஏறியதற்கு அடையாளமாக டேப்பில் இருந்த கோடுகள் கறுத்திருந்தன. வண்டியில் ஏறி இரண்டும் ஒன்றாக மேலே போயின.

அதற்கப்புறம் துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எலும்பு டாக்டரின் தட்டு வந்தது. காது மூக்கு தொண்டைக்காரர்களின் சின்னத் தட்டுகள் வந்தன. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். நேரம் கூடுதலாகும் என்று டாக்டர் சொன்னதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை கூடுதல் என்று கேட்காமல் விட்டது இப்போதுதான் உறைத்தது. அத்தனை கேள்வி கேட்டவள் அதைக் கேட்கவில்லை.

“அக்கா, டீ குடிங்க” என்றாள் கூட இருந்தவள். டீ ஆறி ஆடை கட்டியது.

லிஃப்ட் மறுபடி திறந்தது. வண்டிக்கார அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். இன்றைக்கு யாருக்கு ஆபரேஷன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேல் தட்டில் நீளக் கருவிகள், துடைத்து, வரிசை கலையாமல் கிடந்தன. கீழ்த் தட்டில் நீலத்துணிப் பொட்டலம் ஒன்று. அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்த டேப், கறுத்த கோடுகளோடு, வெட்டாமல், கிழியாமல், போனபடியே இருந்தது. விரலால் அதை ஒரு தடவை நீவினாள்.

“தங்கச்சி, உன் மாப்பிள்ளை ஊர் சுத்திட்டு வந்திருக்காரு” என்றார் அண்ணன். “எங்க உக்கார வைக்கட்டும்?”

அவள் தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றினாள். மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தாள். அது சிக்கிக்கொண்டதும் அப்படியே தலைவழியாக உருவி மேஜையில் போட்டாள்.

“தங்கச்சி, உன்னைத்தான். எங்க வைக்கட்டும்?”

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அண்ணன் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி, ஆடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.